நினைவக மின்னிருக்கை: பழுதும் பழுது காணும் முறையும்

நினைவக மின்னிருக்கை என்பது மின்மோட்டார்களால் நகரும் கார் இருக்கைகளில் ஒரு வகை ஆகும். ஓட்டுநர் தமக்கு ஏற்ற நிலையை ஒருமுறை அமைத்துப் பதிவு செய்துவிட்டால், பின்னர் ஒரு பொத்தானை அழுத்தியதும் இருக்கை தானாகவே அந்த நிலைக்கு வந்து சேரும். பெரும்பாலான கார்களில் 1, 2 என எண்ணிட்ட இரண்டு பொத்தான்களும், பதிவு செய்வதற்கென இன்னொரு பொத்தானும் இருக்கும். சிலவற்றில் மூன்றாம் எண்ணும் உண்டு. விலை உயர்ந்த கார்களில் பக்கக் கண்ணாடிகளும் ஸ்டீயரிங்கும் இருக்கையோடு சேர்ந்தே தத்தம் நிலைக்குத் திரும்பும்.

இது வெறும் ஆடம்பர வசதி என்று கருதுவோர் உண்டு. இருக்கை நன்றாக வேலை செய்யும் வரை அந்தக் கருத்தில் தவறில்லை. பழுதானால் நிலைமை வேறு. விழுப்புரம் மாவட்டம் செஞ்சியில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். ஆறடி உயர மகன் சென்னையிலிருந்து ஓட்டி வந்து வாசலில் நிறுத்திய காரை, மறுநாள் ஐந்தடி உயரத் தாய் திருவண்ணாமலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். இருக்கை பின்னாலேயே நின்றுவிட்டால் பிரேக் மிதியை அடிவரை அழுத்த அவருக்குக் கால் எட்டாது. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஓட்டுவது இதற்கு மாற்று ஆகாது. மோதலின்போது தலையணை நசுங்கும். இருக்கைப் பட்டை தளர்ந்துவிடும். இருக்கை முன்னால் சிக்கிக்கொண்டாலும் ஆபத்து உண்டு. ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் ஓட்டுநரின் மார்பெலும்புக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பது ஏர்பேக் தொடர்பாக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கூறும் அளவு. நெடியவர் ஒருவர் முன்தள்ளிய இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்தால் அந்த இடைவெளி கிடைக்காது.

இன்னொரு கவலை செலவு. இருக்கைக்கு அடியிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்ற வேண்டும், மோட்டாரை மாற்ற வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு செய்தால் பெருந்தொகை போகும். காரணம் ஒரு பியூஸாகவோ, கழன்று நிற்கும் ஒரு கப்ளராகவோ, ரெயிலுக்குள் விழுந்த ஐந்து ரூபாய் நாணயமாகவோ இருக்கக்கூடும்.

வரலாறு

நினைவக இருக்கை புதிய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவில் 1957ஆம் ஆண்டு வெளிவந்த காடிலாக் எல்டொராடோ புரோம் காரிலும், அதே ஆண்டின் மெர்க்குரி டர்ன்பைக் குரூசர் காரிலும் இவ்வசதி இருந்தது. மெர்க்குரி இதற்கு ‘சீட்-ஓ-மேட்டிக்’ என்று பெயரிட்டு, 49 நிலைகள் உண்டு என விளம்பரம் செய்தது. நுண்செயலி பிறக்காத காலம் அது. மின்சுற்றுகளையும் ரிலேக்களையும் கொண்டே நினைவாற்றலை உண்டாக்கினார்கள் என்பதை எண்ணினால் வியப்பாகத்தான் இருக்கிறது.

இந்தியாவில் நெடுங்காலம் இது இறக்குமதி செய்த சொகுசுக் கார்களில் மட்டுமே காணப்பட்டது. செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007இல் பிஎம்டபிள்யூ தொழிற்சாலை தொடங்கிய பின், இத்தகைய இருக்கை கொண்ட கார்கள் தமிழ்நாட்டிலேயே பூட்டப்பட்டன. மகிந்திரா எக்ஸ்யூவி700 போன்ற உள்நாட்டு வண்டிகள் 2021 முதல் இதனை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டும் விலைக்கு அருகில் கொண்டுவந்தன. அதன் பயனாகவே செஞ்சி போன்ற ஊர்களின் ஆட்டோ எலக்ட்ரீசியன் கடைகளுக்கும் இந்தப் பழுது இப்போது வந்து சேர்கிறது.

இயங்கும் விதம்

பழுது காண்பதற்கு முன் இருக்கைக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு மோட்டார் உண்டு: முன்பின் நகர்வுக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, சாய்வுக்கு ஒன்று, சிலவற்றில் தொடைப் பகுதியைத் தூக்க மேலும் ஒன்று. எல்லாம் 12 வோல்ட் நேர்மின் மோட்டார்கள். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் மோட்டார் எதிர்ப்புறம் சுழலும் என்று பள்ளியில் படித்த பாடம் இங்கே அப்படியே பயன்படுகிறது. முன்னால் தள்ளும் மோட்டாரும் பின்னால் இழுக்கும் மோட்டாரும் ஒன்றுதான். நேர், எதிர் முனைகள் மட்டுமே இடம் மாறுகின்றன.

மோட்டார் வேகமாகச் சுழலும். இருக்கையோ மெல்ல நகர வேண்டும். எனவே பற்சக்கரப் பெட்டி ஒன்று வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டி, நீண்ட திருகுத் தண்டு ஒன்றைச் சுழற்றுகிறது. திருகில் ஏறிய மரை நகரும்போது இருக்கையும் நகர்கிறது. இதுவரை சொன்னது எல்லா மின்னிருக்கைக்கும் பொது.

நினைவக இருக்கையில் கூடுதலாக இருப்பவை இரண்டு. இருக்கை இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்லும் உணரி ஒன்று. அந்தச் செய்தியைச் சேமித்து வைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி இன்னொன்று. இன்றைய கார்கள் பலவற்றில் உணரி, எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த ஹால் விளைவின்படி இயங்குகிறது. மோட்டாரின் அச்சில் சிறு காந்தம் இருக்கும். அது சுழலச் சுழல உணரி ஒவ்வொரு சுற்றுக்கும் மின்துடிப்புகளை அனுப்பும். பெட்டி அவற்றை எண்ணிக்கொள்ளும். ஒரு துடிப்புக்கு அரை மில்லிமீட்டர் நகர்வு என்று வைத்துக்கொண்டால், 240 மி.மீ. நீளமுள்ள பாதைக்கு 480 துடிப்புகள். ‘பொத்தான் 1’ என்பது அந்தப் பெட்டிக்கு, ‘பின் எல்லையிலிருந்து 310ஆம் துடிப்பு’ என்பது போன்ற ஓர் எண்தான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உணரி இடத்தைப் பார்ப்பதில்லை. படிகளை மட்டுமே எண்ணுகிறது. இருட்டில் மாடிப்படி ஏறுபவர் படிகளை எண்ணிக்கொண்டே போகிறார். நடுவில் எண்ணிக்கை தவறினால் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. இருக்கை நகர்ந்துகொண்டிருக்கும்போதே பேட்டரி இணைப்பு கழன்றாலோ, மின்னழுத்தம் மிகவும் விழுந்தாலோ பெட்டிக்கும் அதே நிலைதான். மோட்டார் நன்றாயிருக்கும், உணரி நன்றாயிருக்கும், எண்ணிக்கை மட்டும் தவறியிருக்கும். சில பழைய கார்களில் துடிப்பு எண்ணும் உணரிக்கு மாற்றாக, நிலைக்கேற்ப மின்தடை மாறும் கருவி இருக்கும். அவற்றில் எண்ணிக்கை தவறாது. ஆனால் உராய்வுத் தடம் தேய்ந்துபோகும்.

முதற்கேள்வி: நகரவில்லையா, மறந்துவிட்டதா?

‘மெமரி சீட் வேலை செய்யவில்லை’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் இருவேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. நகராத இருக்கை ஒன்று. நகர்ந்தும் நினைவில்லாத இருக்கை மற்றொன்று. இவற்றைப் பிரிக்க எந்தக் கருவியும் வேண்டாம். எண் பொத்தான்களைத் தொடாமல், இருக்கையின் பக்கவாட்டிலுள்ள சாதாரண சுவிட்சால் ஒவ்வோர் அசைவையும் இரு திசையிலும் கடைசிவரை இயக்கிப் பார்த்தால் போதும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் இதைச் செய்வது நல்லது. பேட்டரி பலவீனம் என்ற ஐயம் அதனால் பெரும்பாலும் நீங்கும். கார் அசையாமல் நிற்க வேண்டும், பின்னிருக்கையில் குழந்தைகள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கக் கூடாது என்பனவற்றைச் சொல்லத் தேவையில்லை.

எந்த அசைவும் இல்லையென்றால், எல்லா மோட்டார்களும் ஒரே நேரத்தில் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அனைத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்றில்தான் தவறு: பியூஸ், இருக்கைக்கு அடியிலுள்ள கப்ளர், எர்த் இணைப்பு அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டி. எந்தப் பியூஸ் என்பது காரின் கையேட்டில் இருக்கும். எரிந்த பியூஸை அதே ஆம்பியர் அளவுள்ள பியூஸால்தான் மாற்ற வேண்டும். புதியதும் உடனே எரிந்தால் எங்கோ வயர் உராய்ந்து உடம்பைத் தொடுகிறது என்று பொருள். அப்போது அதிக ஆம்பியர் பியூஸ் போடுவது, வீட்டில் பியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றுவது போன்ற செயல். காரில் அது இருக்கைப் பஞ்சுக்கு அடியில் நெருப்பு வைப்பதற்குச் சமம்.

ஓர் அசைவு மட்டும் இல்லையென்றால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மோட்டார் ஓடும் ஓசை கேட்டும் இருக்கை நகராவிட்டால் மின்சாரம் ஒழுங்காக வருகிறது. பற்சக்கரம் பல் போயிருக்கலாம், அல்லது மோட்டாரிலிருந்து திருகுக்குச் செல்லும் வளைகம்பி கழன்றிருக்கலாம். ஓசையே இல்லையென்றால் சுவிட்ச், வயர், மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மோட்டார் முக்கி முனகி நின்றுவிட்டால் ஏதோ தடுக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் ரெயிலைப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்: தண்ணீர்ப் புட்டியின் மூடி, செல்பேசி, முறுக்குத் துண்டு, கோயில் பிரசாதப் பொட்டலம். ஒரு பக்க ரெயிலில் மட்டும் தடை இருந்தால் இருக்கை கோணலாகத் திருகிக்கொண்டு நகரும். அந்த நிலையில் சுவிட்சை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால், இலவசமாகத் தீர வேண்டிய பழுது பற்சக்கரப் பழுதாக முற்றிவிடும்.

சிறிது தூரம் நகர்ந்து நிற்கிறது, மறுபடி அழுத்தினால் மறுபடி சிறிது நகர்கிறது என்பது தனி அடையாளம். மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தும் உணரியிலிருந்து துடிப்பு வராவிட்டால், ‘ஏதோ சிக்கியிருக்கிறது’ என்று எண்ணிப் பல பெட்டிகள் மோட்டாரை நிறுத்திவிடும். இங்கே குற்றவாளி மோட்டாரின் வலிமை அன்று. உணரி அல்லது அதன் மெல்லிய வயர்.

சுவிட்சால் எல்லாம் நகர்ந்து, எண் பொத்தானுக்கு மட்டும் இருக்கை செவிசாய்க்காவிட்டால், பழுது என்று முடிவு கட்டுமுன் கையேட்டை ஒருமுறை படிப்பது நல்லது. கியர் ‘பார்க்’ நிலையில் இருக்க வேண்டும், இக்னிஷன் போட்டிருக்க வேண்டும், பதிவுப் பொத்தானை அழுத்திய சில நொடிகளுக்குள் எண்ணை அழுத்த வேண்டும் என்று ஒவ்வொரு காருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. சிலவற்றில் பொத்தானைத் தொட்டுவிட்டால் போதும்; சிலவற்றில் இருக்கை வந்து சேரும் வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கதவைத் திறந்ததும் இருக்கை தானாகப் பின்னால் போகிறது என்று பயந்துவிடுவோரும் உண்டு. அது ஓட்டுநர் எளிதில் இறங்குவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. திரையிலுள்ள அமைப்புகளில் நிறுத்திவிடலாம். சாவிக்குச் சாவி நிலை மாறும் கார்களில், மகனின் சாவியைத் தாய் எடுத்துச் சென்றாலே இருக்கை ‘தவறான’ இடத்துக்குப் போய்விடும்.

நிபந்தனைகள் எல்லாம் சரியாக இருந்தும் இருக்கை தவறான இடத்தில் நிற்கிறதென்றால், மேலே சொன்ன எண்ணிக்கைத் தவறை நினைத்துப் பார்க்க வேண்டும். அண்மையில் பேட்டரி மாற்றிய கார்களில் இது முதல் ஐயம். பல கார்களில் சுவிட்சால் இருக்கையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கொண்டுசென்று, கோடியில் சில நொடிகள் சுவிட்சை அழுத்திப் பிடித்தால் பெட்டி எல்லைகளை மீண்டும் கற்றுக்கொள்ளும். சில கார்களில் இதை ஸ்கேனர் கொண்டே செய்ய முடியும். அதன்பின் பழைய பதிவுகளை அழித்துப் புதிதாகப் பதிய வேண்டும்.

மல்டிமீட்டர் ஏமாற்றும் இடம்

கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 12 வோல்ட் காட்டுகிறது. எனவே வயர் நன்றாயிருக்கிறது, மோட்டார்தான் போய்விட்டது என்று முடிவு செய்து புது மோட்டார் வாங்கிய பின்னும் இருக்கை நகராமல் போவது உண்டு. காரணம் ஓம் விதியில் இருக்கிறது.

கணக்கு எளிதாக இருக்க, மோட்டாரை 1 ஓம் மின்தடை என்று கொள்வோம். நல்ல வயரில் அதற்கு 12 ஆம்பியர் மின்னோட்டமும் 144 வாட் திறனும் கிடைக்கும். கப்ளர் முனையில் துருவால் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டால் மொத்தத் தடை 1.5 ஓம், மின்னோட்டம் 8 ஆம்பியர், மோட்டாருக்குக் கிடைப்பது 8 வோல்ட், திறன் 64 வாட். பாதிகூட இல்லை. ஆனால் மோட்டாரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை மட்டும் வைத்தால் அதன் வழியே செல்லும் மின்னோட்டம் இம்மியளவுதான். இம்மியளவு மின்னோட்டத்துக்கு அரை ஓம் தடை ஒரு பொருட்டே அன்று; ஆகவே முழு 12 வோல்ட் காட்டும்.

மோட்டார் இணைந்திருக்க, சுவிட்சை அழுத்திய நிலையில் அளந்தால்தான் உண்மை தெரியும். பழைய ஆட்டோ எலக்ட்ரீசியன்கள் மின்சார வரவைப் பார்க்க, சற்றுப் பெரிய பல்பு கோத்த டெஸ்ட் லேம்ப்பை விரும்புவதற்கும் இதுவே காரணம். பல்பு மின்னோட்டத்தை இழுப்பதால், துருப்பிடித்த இணைப்பில் அது மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மெல்லிய உணரி வயர்களில் அந்த பல்பைத் தொடவே கூடாது. பெட்டி எரிந்துபோகும்.

மஞ்சள் கப்ளர்

இருக்கைக்கு அடியில் கைவிடுமுன் நினைவில் கொள்ள வேண்டியது மஞ்சள் நிறக் கப்ளர். முன்னிருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் பொதிந்த கார்களில் அதன் வயர் இந்த வழியாகத்தான் செல்கிறது. இருக்கைப் பட்டையைச் சட்டென இறுக்கும் வெடிப்பொறியின் வயரும் அருகிலேயே இருக்கலாம். அவற்றில் மல்டிமீட்டரை வைத்தால் மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே வெடிப்பைத் தூண்டக்கூடும். இருக்கையைக் கழற்ற வேண்டி வந்தால் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, கையேடு சொல்லும் சில நிமிடங்கள் காத்திருந்த பின்பே கப்ளர்களைத் தொட வேண்டும். இக்னிஷன் போட்டிருக்கும்போது மஞ்சள் கப்ளரைக் கழற்றினால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியும். பல கார்களில் அதை அணைக்க ஸ்கேனர் தேவைப்படும். வீட்டில் செய்யக்கூடிய சோதனை, சுவிட்சை இயக்குவது, பியூஸ் பார்ப்பது, டார்ச் அடித்துப் பார்ப்பது ஆகியவற்றோடு முடிகிறது. அதற்கு மேல் பயிற்சி பெற்றவர் வேலை.

மழைநீரும் எலியும்

செஞ்சிப் பகுதியில் இந்த இருக்கைகளுக்கு இரண்டு பகைவர்கள். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடானது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய நாளில் காரின் தளத்துக்குள் கணுக்கால் அளவு நீர் புகுந்தாலே போதும். கார்கள் பலவற்றில் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கப்ளர்களும் இருக்கையின் அடியில், தளத்திலிருந்து சில அங்குல உயரத்திலேயே இருக்கின்றன. நீர் வடிந்து, கம்பளம் மேலே காய்ந்து, கார் நன்றாக ஓடவும் செய்யும். கம்பளத்துக்குக் கீழுள்ள பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு படிந்து, இருக்கை சில மாதங்கள் கழித்தே தகராறு செய்யத் தொடங்கும். அதற்குள் வெள்ளத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள். நீர் புகுந்த கார் என்றால் கம்பளத்தைத் தூக்கிக் காயவைப்பதும், பேட்டரியைக் கழற்றிய நிலையில் இருக்கைக் கப்ளர்களைத் துப்புரவு செய்வதும் முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும். பயன்படுத்திய கார் வாங்குவோரும் இருக்கையின் ரெயில் ஆணிகளில் துரு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது நல்லது.

எலி இரண்டாம் பகை. நெல்லும் வேர்க்கடலையும் விளையும் ஊரில், களஞ்சியத்துக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் நிற்கும் கார் எலிக்கு நல்ல வீடு. கடித்த வயரில் செம்பு தெரியும். அருகில் புழுக்கை கிடக்கும். மெல்லிய உணரி வயர் அறுந்தால் இருக்கை நகரும், நினைவு மட்டும் போகும். தடித்த மின்வயர் அறுந்தால் நகர்வே நிற்கும். வெறும் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, இருக்கை முன்னும் பின்னும் நகரும் இடத்தில் நீடிக்காது. ஈயப் பற்று வைத்து, சுருங்கு குழாய் போட்டு, இருக்கை கடைசிவரை நகர்ந்தாலும் இழுபடாத அளவு நீளம் விட்டுக் கட்ட வேண்டும்.

கடைக்குச் செல்லும்போது

நிறுவனத்தின் பணிமனை அருகில் இல்லாத ஊர்க்காரர்கள் புறப்படுமுன் இருக்கையை ஓட்டத்தக்க நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மோட்டார் நன்றாயிருந்தால், உள்ளூர் எலக்ட்ரீசியன் பெட்டியிலிருந்து மோட்டாரின் கப்ளரைப் பிரித்து, பியூஸ் கோத்த வயரால் நேரே 12 வோல்ட் கொடுத்து நகர்த்தித் தருவார். முனைகளை மாற்றினால் எதிர்ப்புறம் நகரும். எல்லைக்கு வந்ததும் உடனே நிறுத்த வேண்டும். பெட்டியின் காவல் அப்போது இருக்காது.

கடையில் ‘மெமரி போச்சு’ என்று மட்டும் சொல்வதற்கு மாறாக, எந்த அசைவு உண்டு, எது இல்லை, ஓசை கேட்கிறதா, பேட்டரி எப்போது மாற்றியது, தண்ணீர் புகுந்ததா என்பனவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பாதி நேரம் மிச்சம். மலிவான ஸ்கேனர்கள் பல எஞ்சின் பழுதுகளை மட்டுமே படிக்கும். இருக்கைப் பெட்டியைப் படிக்கும் ஸ்கேனர் அங்கே உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பெட்டி குறைந்த விலையில் கிடைக்கலாம். ஆனால் உறையிலுள்ள பாக எண் கடைசி எழுத்துவரை ஒத்திருக்க வேண்டும். ஒத்திருந்தாலும் சில கார்கள் ஸ்கேனரால் பதிவு செய்தால் அன்றி அதை ஏற்காது. வாங்குமுன் அதைச் செய்து தருபவர் யார் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும் கடை வாசலிலேயே இரு எல்லைக்கும் இருக்கையை ஓட்டிப் பார்த்து, இரண்டு நிலைகளையும் பதிந்து, எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கி, பொத்தான்களை மாற்றி மாற்றி மூன்று நான்கு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக இடம் விலகினால் உணரி இன்னும் துடிப்புகளைத் தவறவிடுகிறது. காரை அங்கேயே விட்டுவிட்டு வருவதே சரி.